ஆயிலில் கிடைத்த இரும்புத் துண்டு எங்கிருந்து வந்தது?

டிராக்டரின் பின்பக்க ஹவுசிங் ஆயிலை வடிக்கும்போது, கடைசிச் சொட்டுகளோடு சேர்ந்து ஒரு சிறிய இரும்புத் துண்டு தட்டில் விழுவது உண்டு. மெக்கானிக் அதை எடுத்துத் துணியில் துடைத்துப் பார்க்கிறார். "ஒண்ணுமில்லண்ணே, எப்பவோ கெடந்ததா இருக்கும். வண்டி ஓடும்" என்கிறார். வெளியே ஆடி மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. மானாவாரிக் கடலைக்கு ஈரம் நிற்பது நாலைந்து நாள்தான். வாடகைக்குச் சொல்லி வைத்தவர்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். வண்டிக்காரரும் தலையாட்டி விடுகிறார். துண்டு வேலியோரம் போய் விழுகிறது. புது ஆயில் ஊற்றி மூடியைத் திருகி, வண்டி வயலுக்குப் போய்விடுகிறது.

இந்தப் பழக்கத்தை நம் விவசாயிகள் கைவிட வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அந்தத் துண்டு இன்னது, இன்ன இடத்திலிருந்து வந்தது என்று தெரியும் வரையில் ஹவுசிங்கை மூடக் கூடாது. ஒரு நாள் வாடகை போனாலும் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் ஓர் இருப்பிடம்

டிராக்டரிலோ பவர் டில்லரிலோ கம்பெனிக்காரர்கள் எந்தச் சாமானையும் சும்மா உள்ளே போட்டு வைப்பதில்லை. ஒரு வாஷர் ஆனாலும், ஒரு விரற்கடைக் கம்பி ஆனாலும், அதற்கென்று ஓர் இடமும் ஒரு வேலையும் உண்டு. அது ஆயிலின் அடியில் கிடக்கிறது என்றால் அதன் இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். கையில் இருக்கும் துண்டைவிட, உள்ளே காலியாகிவிட்ட அந்த இடம்தான் நம் கவலைக்கு உரியது.

சிறிய சாமானாயிற்றே என்று அலட்சியம் செய்வதில்தான் பெரும்பாலும் ஏமாந்து போகிறோம். காட்டர் பின்னின் ஒரு கால் முறிந்து ஆயிலில் வந்தால், அதன் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. ஆனால் அது ஒரு நட்டைக் கழலாமல் பிடித்துக் கொண்டிருந்தது. அந்த நட்டு ஒரு தண்டை நகராமல் பிடித்திருந்தது. அந்தத் தண்டு நகர்ந்தால் கிரவுனும் பினியனும் பல்லோடு பல் சரியாகச் சேராமல் அரைத்துக் கொள்ளும். பின் முறிந்த அன்றே வண்டி நின்றுவிடாது. இரண்டு மாதம், மூன்று மாதம் நன்றாகவே ஓடும். பிறகு சேறடிப்பு மும்முரமாக நடக்கும் நாளில் வயல் நடுவே நிற்கும்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இதன் கஷ்டம் டிராக்டர் வைத்திருப்பவரோடு முடிவதில்லை. சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் மணிக்கணக்கில் வாடகைக்குத்தான் உழவு ஓட்டுகிறார்கள். கந்தர்வகோட்டை, குன்றாண்டார்கோவில் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஓர் ஊருக்கு வந்துபோகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று படுத்துவிட்டால் பத்துப் பதினைந்து குடும்பங்களின் விதைப்பு தள்ளிப் போகும். அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. அங்கே தண்ணீர் வரும் நாளே நிச்சயமில்லை. வந்த தண்ணீர் வயலில் நிற்கும்போது வண்டி பட்டறையில் நின்றால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கே பழைய வண்டி வாங்கி ஓட்டுகிறவர்கள் அதிகம். நகையை அடகு வைத்து, கைமாற்றும் வாங்கி, நாலைந்து பேர் கைமாறிய வண்டியை வாங்குகிறோம். பெயிண்ட் புதிதாக இருக்கும், டயர் புதிதாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அந்த வண்டிக்கு வாய் இல்லை. முதல் ஆயில் மாற்றும்போது தட்டில் விழுகிற துண்டுதான் அதன் வாய்ச்சொல். அதைக் கேட்காமல் வேலியோரம் எறிவது நியாயமா?

கடலில் விழுந்த ஹெலிகாப்டர்

சின்னத் துண்டுக்கு இத்தனை பேச்சா என்று நினைப்பவர்களுக்காக, உலகம் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2009 ஏப்ரல் 1 அன்று, ஸ்காட்லாந்து நாட்டுக்கு அருகே கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக் கொண்டு கரைக்குத் திரும்பிய 'சூப்பர் பூமா' ரக ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 16 பேரும் இறந்தார்கள். மேலே சுழலும் பெரிய விசிறிக்குச் சக்தி கொடுக்கும் கியர் பாக்ஸ் உடைந்து போனதுதான் காரணம்.

ஹெலிகாப்டர் கியர் பாக்ஸுகளில் ஆயில் ஓடும் வழியில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். உள்ளே ஏதாவது இரும்பு உதிர்ந்தால் அதில் ஒட்டிக்கொண்டு எச்சரிக்கை கொடுக்கும். இந்த ஹெலிகாப்டரிலும் விபத்துக்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, அந்தக் காந்தத்தில் ஓர் இரும்புத் துணுக்கு இருந்தது. அதை எடுத்தார்கள், பார்த்தார்கள், பேசவும் செய்தார்கள். ஆனால் அது எந்தச் சக்கரத்திலிருந்து வந்தது என்று சரியாக அடையாளம் காணவில்லை. ஹெலிகாப்டரை ஓட்டிய கம்பெனிக்கும் தயாரித்த கம்பெனிக்கும் இடையே தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நடந்த பேச்சில், ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு வேறாகப் புரிந்தது. ஹெலிகாப்டர் மீண்டும் பறந்தது. அதன் பிறகு ஏறத்தாழ 36 மணி நேரப் பறப்புக்குள், கியர் பாக்ஸின் சிறிய சக்கரங்களில் ஒன்று விரிசல் விட்டு உடைந்தது. அந்தத் துணுக்கு அந்தச் சக்கரம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் என்பதை உணராமல் போனதும் விபத்துக்கு ஒரு காரணம் என்று பிரிட்டிஷ் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2011-இல் தன் அறிக்கையில் எழுதியது.

உடைந்தது 'பிளானட்டரி' கியர் தொகுதியில் இருந்த சக்கரம். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு பல் வளையம் என்பது அதன் அமைப்பு. நம் டிராக்டர்கள் சிலவற்றின் பின்சக்கரத்தை ஒட்டிய ஹவுசிங்கிலும் இதே அமைப்புதான் இருக்கிறது. வயலில் ஓடும் வண்டி வானத்திலிருந்து விழப் போவதில்லைதான். ஆனால் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது பின்பக்கக் கியர் விட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படித்த பொறியாளர்கள், எழுத்து ஆவணங்கள், காந்தம் எல்லாம் இருந்த இடத்திலேயே ஒரு துணுக்கின் பிறப்பிடம் தெரியாமல் போயிற்று. "ஓடும்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பி நாம் வண்டியை எடுக்கிறோம்.

துண்டைப் படிப்பது எப்படி?

முதலில் ஒன்று. துண்டு கிடைத்தவுடன் அது எங்கே, எந்த ஆயிலில், என்றைக்குக் கிடைத்தது என்று ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். நம் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையார் அகழாய்வு தொடங்கினார்கள் அல்லவா? அங்கே ஒரு பானை ஓடு கிடைத்தாலும், எந்தக் குழியில், எத்தனை ஆழத்தில் என்று எழுதி வைத்த பிறகுதான் எடுப்பார்கள். கிடைத்த இடம் தெரியாத ஓட்டுக்கு மதிப்பில்லை. டிராக்டர் துண்டும் அப்படித்தான். என்ஜின் ஆயிலில் வந்ததா, கியர் பாக்ஸில் வந்ததா, கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் விழுந்ததா என்பது தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆயிலை வண்டி சூடாக இருக்கும்போது, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, சுத்தமான தட்டில் வடிக்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் நல்லது. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைத் தட்டில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டினால் பயமில்லை. சக்கரங்கள் ஓடி ஓடித் தேய்வதில் வருவது அது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நெருடுகிற செதிள்கள் வந்தால்தான் யோசிக்க வேண்டும். ஆயில் டீ நிறத்தில் பால் போலக் கலங்கியிருந்தால் சேறடிக்கும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீலைப் பார்க்க வேண்டும். பேரிங் துருப்பிடித்து உதிர்வது இதற்கு அடுத்த கட்டம்.

காந்தத்தில் ஒட்டாத துண்டும் உண்டு. வெள்ளையாக, எடையில்லாமல் இருந்தால் அலுமினியம். என்ஜின் ஆயிலில் கிடைத்தால் பிஸ்டனைச் சந்தேகிக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் பித்தளை அல்லது வெண்கலம். புஷ், தேய்மான வாஷர், சில பேரிங்குகளின் கூண்டு இவையெல்லாம் அந்த ஜாதி. என்ஜின் ஆயிலில் செம்பு நிறச் செதிள்கள் மின்னினால் கிராங்க் பேரிங்கின் மேற்பூச்சு போய் அடிப்பக்கம் தேய்கிறது என்று கொள்ளலாம். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைப்பதே உத்தமம். கிராங்கும் கெட்டுவிட்டால் செலவு பல மடங்காகும்.

காந்தத்தில் ஒட்டுகிற துண்டுகளைப் பிரித்தறிய ஓர் அரம் போதும். கியர் பல்லும் பேரிங் குண்டும் மேலே கடினப்படுத்திய எஃகு. அரம் வழுக்கிக் கொண்டு போகும். சாதாரணப் பின், தகடு, வாஷர் என்றால் அரம் கடிக்கும். வளைத்தால் பழையபடி நிமிர்கிற துண்டு ஸ்பிரிங் எஃகு. தண்டில் சக்கரம் நகராமல் பிடிக்கும் சர்க்ளிப்பின் முறிந்த நுனி அநேகமாக இப்படித்தான் இருக்கும். சர்க்ளிப் துண்டு என்றால் மீதி வளையம் எங்கே என்று தேடாமல் மூடாதீர்கள்.

ஒரு முழு எஃகுக் குண்டு தனியாகக் கிடைத்தால் பலரும் பேரிங் போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பேரிங்கிலிருந்து ஒரு குண்டு மட்டும் சுத்தமாக வெளியே வர வழியில்லை. கூண்டு உடைந்தால்தான் வரும். ஆகவே தகட்டுத் துண்டோ பித்தளைத் துண்டோ கூடவே கிடைக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், கியர் லீவர் அடியில் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்து, போட்ட கியர் நழுவாமல் பிடிக்கிற குண்டா என்று மேல்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பேரிங் இல்லை, வெறும் குண்டுதானே என்று இதையும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் பாரத்தோடு கரையில் இறங்கும்போது கியர் தானாக நழுவும். இரண்டு கியர் ஒரே சமயத்தில் விழாமல் தடுக்கிற சிறு பின்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அது விழுந்துவிட்டால் கியர் பாக்ஸே பூட்டிக் கொள்ளும்.

தீக்குச்சி போன்ற ஊசி ரோலர் ஒன்று வந்தால் அதை மட்டும் திருப்பி வைத்துவிட்டுப் போக முடியாது. சில கியர் பாக்ஸுகளில் இவற்றைக் கூண்டு இல்லாமல் சுற்றிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்று விழுந்தால் மற்றவை சாய இடம் கிடைத்துவிடும். மொத்தம் எத்தனை இருக்க வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்துத்தான் மூட வேண்டும்.

கிளட்ச் ஹவுசிங்கில் குட்டையான தடித்த ஸ்பிரிங் கிடந்தால் அது அநேகமாகக் கிளட்ச் பிளேட்டின் நடுவில் சுற்றி வைத்திருக்கும் அதிர்வு ஸ்பிரிங். அங்கே பித்தளை அல்லது செம்பு ரிவிட் கிடந்தால் லைனிங் தேய்ந்து கழல்கிறது. என்ஜின் மேல்மூடிக்குள், வால்வு பக்கத்தில், பாதி வளையம் போன்ற சின்னஞ்சிறு கூம்புத் துண்டு கிடந்தால், அது வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பூட்டு. அது இல்லாமல் என்ஜினை ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது. வால்வு கீழே விழுந்தால் பிஸ்டன், ஹெட் இரண்டும் சேதமாகும்.

முறிந்த துண்டு என்றால் முறிந்த முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சர்க்கரை போலப் பளபளவென்று மணி மணியாக இருந்தால் ஒரே அடியில், சமீபத்தில் முறிந்தது. கல்லில் மாட்டியிருக்கலாம், கிளட்சைச் சட்டென்று விட்டிருக்கலாம். கண்மாய்த் தண்ணீர் வற்றிய கரையில் தெரியும் கோடுகள் போல வரி வரியாக இருந்தால் வெகு நாளாக விரிசல் விட்டு மெல்ல மெல்ல முறிந்தது. இரண்டாவது வகை முறிவில் புதுச் சாமான் போட்டால் மட்டும் போதாது. ஏன் விரிசல் விட்டது என்று பார்க்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். முறிந்த ஓரங்கள் கூழாங்கல்லைப் போல வழுவழுப்பாக இருந்தால், அது பழைய ரிப்பேரில் எடுக்காமல் விட்ட துண்டாக இருக்கலாம். மெக்கானிக் சொல்கிற "எப்பவோ கெடந்தது" என்பதை ஒப்புக் கொள்ள வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். உடைந்த பானையைப் பொருத்துவது போலப் பொருத்தினால் முழு உருவம் வர வேண்டும். ஒரு மூலை குறைந்தால் அந்த மூலை இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது.

எண் இருந்தால் வேலை சுலபம். பேரிங் வளையத்தில் 6205 என்றிருந்தால், கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்துளை 25 மில்லிமீட்டர் என்று வரும். கடைசி எண் 04 முதல் மேலே இந்தக் கணக்கு பொருந்தும். 6305-க்கும் துளை அதே 25 தான். ஆனால் வெளிச்சுற்று 52-க்குப் பதில் 62, அகலம் 15-க்குப் பதில் 17. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் இந்தக் கணக்கில் பிடித்துவிடலாம். போல்ட் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ போட்டிருப்பது அளவு அல்ல, வலு. 8.8 போல்ட் இருந்த இடத்தில் கடைத்தெருவில் கிடைக்கும் 4.6 போல்ட்டை முடுக்கினால் இழுவைத் தாங்கும் வலுவில் பாதிதான் இருக்கும். ரொட்டவேட்டர் பிளேடுகள் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சில பழைய டிராக்டர்களில் மரை அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் நட்டு இரண்டு சுற்று ஏறி இறுகும். இறுகிவிட்டது என்று நம்பினால் மரை போகும்.

எண் இல்லாத துண்டைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுங்கள். வெறும் துண்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கடுகா, பூசணியா என்று எதிராளிக்குத் தெரியாது.

இத்தனையும் பார்த்து எதுவும் பொருந்தவில்லை, துண்டில் தேய்மானமும் இல்லை என்றால், அது உங்கள் வண்டிச் சாமானே இல்லாமலும் இருக்கலாம். போன முறை திறந்தபோது யாரோ தவறவிட்ட நட்டாக இருக்கும். அதற்கும் எல்லா இடங்களையும் ஒரு முறை சரிபார்த்த பிறகுதான் நிம்மதி கொள்ளலாம்.

வண்டி மேடையில், பெடல் பக்கத்தில் உருளும் சாமானையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது எதுவாக இருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். பிரேக் பெடல் அடியில் ஒரு நட்டு சிக்கினால் போதும். எடுத்த பிறகு, டிரெய்லர் கொக்கியின் பூட்டுப் பின்னா, லிப்ட் கையின் பின்னா என்று சுற்றிப் பார்க்க இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

பழைய சாமான் யாருடையது?

மெக்கானிக்குகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ராத்திரி பகலாகத் தரையில் படுத்து வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். "ஏன் இன்னும் முடியல?" என்று அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்கிறவர்கள் நாம்தான். முழுசாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னால், பணம் பறிக்கிறான் என்று ஊரெல்லாம் பேசுகிறவர்களும் நாம்தான். அவர் "ஓடும்" என்று சொல்லப் பழகியதில் நமக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக் கொடுக்கக் கூடாது. கழற்றிய பழைய சாமான் வண்டிக்காரருக்கே சொந்தம். வாரண்டியில் கம்பெனி இலவசமாக மாற்றிக் கொடுத்துப் பழையதை எடுத்துக்கொள்வது வேறு. நாம் காசு கொடுத்து மாற்றும் ஒவ்வொரு சாமானுக்கும் பழையதைக் கையில் வாங்க வேண்டும். பில்லில் எழுதியதெல்லாம் உண்மையில் மாற்றப்பட்டதா என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த முறை வேறு மெக்கானிக்கிடம் போகும்போது அதுவே வண்டியின் வைத்தியக் குறிப்பு. ஒரு பழைய ஆயில் டின்னில் தேதி எழுதிய சீட்டோடு போட்டு வையுங்கள். பேரீச்சம்பழக்காரரிடம் அதைப் போடுவதற்கு வண்டியை விற்ற பிறகு நேரம் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாட்டில் சேர்த்திருக்கிறது. பில் கொடுக்காததும் அந்தச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். கியர் பாக்ஸில் துண்டு கிடைத்ததை வண்டிக்காரரிடம் சொல்லாமல் மூடுவது, என் கருத்தில், இதில் அடங்கும். வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்துமா என்று சிலருக்குச் சந்தேகம் வரலாம். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவரை இந்தச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முதலில் யோசனை கேட்கலாம். ஆனால் பில்லும் பழைய சாமானும் கையில் இல்லாமல் எந்த வழக்கும் நிற்காது.

தமிழில் ஒரு படப் புத்தகம்

துண்டை அடையாளம் காணச் சிறந்த வழி, கம்பெனியின் பாகப் பட்டியல் புத்தகம். ஒவ்வொரு ஹவுசிங்கையும் பிரித்து, சாமான்களை வரிசையாகக் காட்டிப் படம் போட்டு, எண் கொடுத்திருப்பார்கள். படத்தோடு துண்டை ஒப்பிட்டால் பத்தாவது படித்தவருக்கும் புரிந்துவிடும். வண்டி வாங்கும்போது இந்தப் புத்தகம் நமக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பது ஆயில் மாற்றும் அட்டவணை உள்ள சிறு கையேடுதான்.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் பெரிய பண்ணைக்காரர்களே, தங்கள் டிராக்டரைத் தாங்களே ரிப்பேர் செய்யும் உரிமைக்காகக் கம்பெனிகளோடு வருஷக்கணக்கில் போராடி வருகிறார்கள். கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தது. சாமான்கள், கருவிகள், ரிப்பேர்ப் புத்தகங்கள் ஆகியவற்றை விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கம்பெனிகள் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2024 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. நம் மத்திய நுகர்வோர் துறையும் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. குழு முதலில் எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் சட்டமாக வந்தால்தான் கம்பெனிகளை நாம் கட்டாயப்படுத்திக் கேட்க முடியும். அப்போதும் புத்தகம் தமிழில் இருக்க வேண்டும். பினியன், சர்க்ளிப் என்ற சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டாலே போதும். தனித்தமிழ்ப் பெயர் தேடி நாள் கடத்த வேண்டாம்.

அதுவரை நம் மாவட்டத்திலேயே செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு ஓட்டுகிறது. அந்த வண்டிகளின் ரிப்பேரில் கழித்த சாமான்களை ஏலத்துக்கு அனுப்பும் முன், ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து ஒரு பலகையில் கட்டி, பெயரும் இருப்பிடமும் எழுதி மாட்டலாம். குடுமியான்மலை வேளாண்மைக் கல்லூரியிலும் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலும் அப்படி ஒரு பலகை இருந்தால், அங்கே வரும் விவசாயி தன் பையில் இருக்கும் துண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொள்வார். முறிந்த கியர் பல், தேய்ந்த பேரிங், உதிர்ந்த ரோலர், கிளட்ச் ஸ்பிரிங் என்று முப்பது நாற்பது சாமான் போதும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடும் தேவைப்படாது. கம்பி, பலகை, பெயிண்ட் செலவுதான்.

மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வைக்கலாம். கண்மாய் மடை, பயிர்க்கடன் என்று முக்கியமான மனுக்கள் வரிசையாக இருக்கும். நடுவே பலகை கேட்டால் சிலர் சிரிக்கக்கூடும். மனுவோடு டின்னில் இருக்கும் துண்டையும் கொண்டு போய் மேஜைமேல் வைத்து, இது எந்தச் சாமான், எங்கே இருக்க வேண்டியது என்று கேளுங்கள்.